நொய்யரிசியில் வளர்த்த பச்சைப் பூஞ்சையும் எருக்குழிப் புழுக்களும்

பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எருக்குழியின் வடக்கு மூலையில் மண்வெட்டியை இறக்கியபோது கட்டைவிரல் பருமனில் ஒரு காண்டாமிருக வண்டுப் புழு உருண்டு வந்தது. வழக்கமாக வெளிச்சம் பட்டதும் சுருண்டு நெளியும். இது அசையவில்லை. எடுத்துப் பார்த்தால் சுண்ணாம்புக்கட்டி மாதிரி விறைப்பு. உடம்பு மடிப்புகளில் வெள்ளைப் பஞ்சு பூத்திருந்தது. தலைக்குக் கீழே அந்தப் பஞ்சின் மேல் பாசிப்பயற்றுத் தோலின் நிறத்தில் பச்சைப்பொடி. நாற்றம் துளியும் இல்லை. அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டேன். நான் வளர்த்த பூஞ்சையில் செத்த இந்த ஒரு புழுவைக் குழிக்குள் பார்க்க எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது.

எங்கள் தோப்பு பேராவூரணிப் பக்கம், இரண்டு ஏக்கர். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் கரை கடந்தபோது 150 மரங்களில் 118 சாய்ந்தன. தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் தென்னை வைத்திருந்தவர்களுக்கு அந்த இரவை விளக்க வேண்டியதில்லை. விழுந்த மரத்தை வாங்க ஆளில்லை, அறுத்து ஏற்றிவிடக் கையில் காசில்லை. பாதியைத் துண்டு போட்டுக் குளத்துக்கரையில் தள்ளினோம். மீதி அப்படியே கிடந்தது. தூர்கள் மண்ணிலேயே நின்றன. 2019 ஆடியில் 25 அடிக்கு 25 அடி இடைவெளியில் 140 தென்னம்பிள்ளை நட்டோம். வேப்பங்குளம் 3 ரகம்.

மக்கிக்கொண்டிருந்த அந்த மரங்கள்தான் வண்டுக்குத் தொட்டில் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. காண்டாமிருக வண்டு முட்டையிடுவது தென்னையின் உச்சியில் இல்லை. மக்கின சாணம், உளுத்த தென்னந்தூர், குப்பைமேடு, இவற்றில்தான். முட்டை பொரிந்து, புழு மூன்று நான்கு மாதம் அங்கேயே தின்று கொழுத்து, கூட்டுப்புழுவாகி, வண்டான பிறகுதான் குருத்தைத் தேடிப் பறக்கிறது. குருத்துக்குள் துளை போட்டு இறங்கி, விரியாத இளமட்டையை மெல்லுகிறது. அந்த மட்டை பிறகு விரியும்போது கத்தரிக்கோலால் வெட்டின விசிறி மாதிரி இருக்கும். அது போதாதென்று, வண்டு போட்ட காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டை வைக்கும். அப்படி நாலு பிள்ளைகளை முழுதாகவே இழந்தேன்.

அப்பா காலத்தில் குருத்து இடுக்கில் குருணை மருந்து போடுவார்கள். எனக்கு அதில் மனசில்லை. பசு மேய்கிற தோப்பு, கிணறும் பக்கத்திலேயே இருக்கிறது. புழு இருக்கும் இடத்திலேயே அதைக் கொல்லும் பூஞ்சை ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன், மெட்டாரைசியம். புதிதாக வந்த சரக்கு இல்லை. 1879-இல் ஒடெசாவில் ரஷ்ய விலங்கியலாளர் மெச்னிகாஃப் கோதுமை வண்டின் புழுக்கள் செத்துப் பச்சையாகிக் கிடந்ததைப் பார்த்து, இதை வைத்தே பூச்சியை அடக்கலாம் என்று சோதித்திருக்கிறார். அந்த வண்டின் பெயர் அனிசோப்ளியா. பூஞ்சையின் முழுப்பெயரான மெட்டாரைசியம் அனிசோப்ளியே அதிலிருந்து வந்ததுதான்.

முதலில் சுலபமான வழியைத்தான் பிடித்தேன். 2022 சித்திரையில் கடையில் இந்தப் பூஞ்சையை டால்க் பொடியில் கலந்து விற்பதை ஒரு கிலோ வாங்கி, தண்ணீரில் கரைத்து எருக்குழி மேல் ஊற்றினேன். வெயில் கொளுத்துகிற மத்தியானம். குழி மேலே ஒரு சாண் காய்ந்து கிடந்தது. 40 நாள் கழித்துக் கிளறினால் புழு ஒன்றும் குறையவில்லை. பொடி மோசமா என்றால் அதைச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. நான் ஊற்றிய விதம் நிச்சயம் மோசம். இந்தப் பூஞ்சை வித்து நேர் வெயிலில் செத்துப்போகும். ஈரம் இல்லாவிட்டால் புழுவின் தோலைத் துளைத்து உள்ளே போகாது. 25 முதல் 28 டிகிரியில் நன்றாக வளரும், 35-ஐத் தாண்டினால் நின்றுவிடும். நான் ஊற்றிய நேரத்தில் மூன்றுமே எதிராக இருந்தன.

பிறகுதான் நாமே வளர்க்கலாம் என்று இறங்கினேன். காசர்கோட்டில் இருக்கும் மத்தியத் தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் முறை ஒன்று உண்டு. அரைவேக்காட்டு அரிசியில் வீட்டிலேயே பெருக்குவது. அதன் காயங்குளம் நிலையம் கேரளத்தில் பெண்கள் குழுக்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. தேங்காய்த் தண்ணீரிலும் வளரும். எனக்கு அரிசிதான் கைக்கு வந்தது. ஓர் ஆய்வகத்தில் தாய்வித்து (பெருக்குவதற்கு முதலில் போடும் சுத்தமான பூஞ்சை) பாட்டில் ஒன்று 150 ரூபாய்க்கு வாங்கி வந்தேன்.

ஆடியில் முதல் சுற்று, அவித்த அரிசி நிரப்பிப் பூஞ்சை போட்ட பத்து பிளாஸ்டிக் கவர். நாலாம் நாளே பச்சை! ஐந்தாம் நாள் கவர் முழுக்கக் கரும்பச்சை. எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று எழுத முடியாது. பத்தையும் கரைத்துக் குழியில் ஊற்றி, இந்தமுறை ஈரம், நிழல், சாயங்காலம் எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தேன். 45 நாள் காத்திருந்து புரட்டாசியில் தோண்டினால், புழுக்கள் முன்பைவிடக் கொழுகொழு என்று இருந்தன.

காரணம் என் வீட்டுக்குள்ளேயே இருந்தது. தென்னையில் வரும் தஞ்சாவூர் வாடல் நோய்க்காக, அதே அறையில், அதே மேசையில், ஒரு மாதம் முன்பு டிரைக்கோடெர்மாவை வேப்பம்புண்ணாக்கோடு கலந்து பெருக்கியிருந்தேன். அதுவும் பச்சைப் பூஞ்சை. அதுவும் அரிசியில் வளரும். மெட்டாரைசியத்தைவிடப் பல மடங்கு வேகம். காற்றிலும் மேசையிலும் கையிலும் ஒட்டியிருந்த அதன் வித்துதான் கவருக்குள் முந்திக்கொண்டது. நான் 45 நாளாக எருக்குழிக்கு டிரைக்கோடெர்மாவை ஊட்டியிருக்கிறேன். எருவுக்கு அது நல்லதுதான், புழுவை அது தொடாது.

அதற்குப் பிறகு நிறத்தை நம்புவதை விட்டுவிட்டு நாளை எண்ண ஆரம்பித்தேன். மெட்டாரைசியம் முதல் ஐந்தாறு நாள் வெள்ளையாகத்தான் இருக்கும். அரிசியை நூலால் கோர்த்த மாதிரி கட்டிப்போடும். எட்டாம் நாளுக்கு மேல்தான் அங்கங்கே மங்கலான பாசிப்பச்சை தெரியும். 14, 15-ஆம் நாளில் முழுப்பச்சை. மூன்று நான்கு நாளில் பச்சையானால் அது வேறு ஏதோ. மஞ்சள் கலந்த பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்றால் கவரைத் திறக்கவே கூடாது. அரிசியில் வரும் மஞ்சள்பச்சைப் பூஞ்சைகளில் நஞ்சுள்ளவை உண்டு. கட்டியபடியே ஆழமாகப் புதைத்துவிட வேண்டும், மாட்டுக்கோ கோழிக்கோ போட்டுவிடக் கூடாது.

ஐப்பசியில் இரண்டாம் சுற்று. இடத்தை மாட்டுக்கொட்டகை ஓரத்துச் சின்ன அறைக்கு மாற்றி, சுவரைச் சுண்ணாம்பு அடித்து, மேசையை ஸ்பிரிட்டால் துடைத்தேன். எட்டுக் கவரில் ஆறு வீண். இந்தமுறை குற்றம் அரிசியில். சாதம் மாதிரி வெந்து, குழைந்து, ஒரே கட்டியாகிவிட்டது. உள்ளே காற்று போகவில்லை. மூன்றாம் நாள் கள் வாடை அடித்தது. கவர் அடியில் தண்ணீர் நின்றது. அம்மாதான் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏன்டா, புழுங்கலுக்கு நெல்லு அவிக்கிற பதம் தெரியாதா? நடுவுல வெள்ளப் புள்ளி நிக்கணும்டா.” அந்தப் பதம்தான் கடைசியில் கைகொடுத்தது.

கார்த்திகைக் கடைசியில் செய்த மூன்றாம் சுற்றிலிருந்துதான் கவர்கள் உருப்பட ஆரம்பித்தன. இப்போது வரை அதே முறைதான், அப்படியே எழுதுகிறேன். நொய்யரிசியைக் கழுவி அரை மணி நேரம் ஊறவைக்கிறேன். கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு நொய்யை விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். வடித்து, வெள்ளை வேட்டியில் பரப்பி, கையில் ஒட்டாத அளவுக்கு உலரவிடுகிறேன். பிறகு ஊறுவதற்கு முந்தைய கணக்கில் 200 கிராம் அரிசி ஒரு பிபி (பாலிபுரொப்பிலீன்) கவருக்கு. கவர் வாய்க்கு, முக்கால் அங்குல பிவிசி குழாயை ஓர் அங்குல நீளத்துக்கு அறுத்த வளையம். கவர் வாயை வளையத்துக்குள் நுழைத்து வெளியே மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, பஞ்சால் அடைப்பு. பஞ்சு நனையாமல் இருக்க மேலே காகிதம் கட்ட வேண்டும். சாதாரண பாலித்தீன் கவர் குக்கரில் உருகிவிடும், பிபிதான் வேண்டும்.

எங்கள் குக்கர் 12 லிட்டர். அடியில் தட்டு வைத்து, இரண்டு அங்குலத் தண்ணீர், அதன் மேல் நாலு கவர். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 40 நிமிடம். அடுப்பை அணைத்த பிறகு ராத்திரி முழுக்கத் திறக்காமல் அப்படியே விட்டுவிடுவேன். சூட்டோடு திறந்தால் குளிர்ந்த காற்று உள்ளே பாயும், கூடவே கண்ட வித்தும் பாயும்.

வித்து போடுவதுதான் எல்லாவற்றிலும் நுணுக்கமான வேலை. பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைப் படுக்கப் போட்டு, வாயில் ஈரத்துணி தொங்கவிட்டு, அதற்குள் கையை விட்டுச் செய்கிறேன். மின்விசிறி நிறுத்தம், கதவு சாத்தல், மூக்கில் முகக்கவசம். கையையும் பெட்டியையும் துடைத்த ஸ்பிரிட் முழுதாகக் காய்ந்த பிறகுதான் விளக்கைப் பற்றவைக்க வேண்டும். விளக்கும் பெட்டிக்கு வெளியேதான். நீளக்காம்புக் கரண்டியைத் தீயில் பழுக்கக் காட்டி, ஆறவிட்டு, தாய்வித்திலிருந்து கவருக்கு அரைக் கரண்டி. ஒரு கவர் 20 விநாடிக்கு மேல் திறந்திருக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன். நாலாம் நாள் கவரை வெளியிலிருந்தே பிசைந்து உதிர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே மட்டும் பச்சையாகும், நடு வெள்ளையாகவே நின்றுவிடும். அறையில் 250 ரூபாய் வெப்பமானி ஒன்று தொங்குகிறது. கார்த்திகை முதல் தை வரை 24-லிருந்து 29-க்குள் நின்றது. 12 கவரில் ஒன்பது தேறின.

ஆடியில் பட்டது மறக்கவில்லை, அதனால் இந்தமுறை குழிக்கு ஊற்றுவதற்கு முன் சோதனை. 20 லிட்டர் பெயின்ட் வாளி இரண்டு. ஒவ்வொன்றிலும் பாதிவரை மக்கின சாணம், ஈரம் கையில் பிழிந்தால் சொட்டாத பதம், பத்துப் பெரிய புழு. ஒரு வாளியில் பச்சையான அரிசி மூன்று கைப்பிடி, மற்றதில் வெறும் அவித்த அரிசி. மூடியில் ஆணியால் துளை. தினமும் பள்ளிவிட்டு வந்ததும் என் மகள்தான் திறந்து பார்த்து நோட்டில் குறித்தாள். எட்டாம் நாள் இரண்டு புழு மேலே வந்து கிடந்தன, தொட்டாலும் மந்தமாகத்தான் அசைந்தன. தோலில் பழுப்புப் புள்ளிகள். 12-ஆம் நாள் முதல் சாவு. இரண்டு நாளில் அது விறைத்து வெள்ளையாகி, அதற்கு மூன்று நாள் கழித்துப் பச்சை. 24-ஆம் நாள் கணக்கு: பூஞ்சை வாளியில் பத்தில் எட்டு, வெறும் வாளியில் ஒன்று. அந்த ஒன்று கறுத்து, நீர்விட்டு, நாறியது. அது வேறு சாவு. பூஞ்சையில் செத்தது நாறாது, உடைத்தால் பட்டென்று உடையும்.

அளவுக்கு ஆராய்ச்சி நிலையப் பரிந்துரை ஒன்று உண்டு: ஒரு கனமீட்டர் எருவுக்கு 50,000 கோடி வித்து. கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் நன்றாக விளைந்த அரிசியில் கிராமுக்கு 100 கோடி வித்து என்று வைத்தால் அரைக் கிலோவில் முடிந்தது. எங்கள் குழி 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழம். 180 கன அடி, அதாவது ஐந்து கனமீட்டருக்குக் கொஞ்சம் மேல். இரண்டரைக் கிலோ, 13 கவர். தையில் ஒன்பது நல்ல கவரில் ஒன்றைத் தாயாக வைத்து 16 கவர் போட்டு, தேறிய 13-ஐ எடுத்தேன். பழைய ஒன்பதில் மிச்சம் இருந்த எட்டில் இரண்டைத் தூர்களுக்கு ஒதுக்கி, ஆறை நிழலில் உலர்த்திக் குளிர்பெட்டியில் வைத்தேன்.

தைக் கடைசியில் ஒரு சாயங்காலம். முதலில் ஐந்து கூடை எருவை அங்கங்கே எடுத்துப் புழு எண்ணினேன், 23 உயிர்ப்புழு. கடப்பாரையால் இரண்டடிக்கு ஒரு துளை, ஒன்றரை அடி ஆழம். அரிசியை வாளித் தண்ணீரில் பிசைந்து, இரண்டு சொட்டுச் சோப்புக் கரைசல் விட்டு வடிகட்டி (வித்து எண்ணெய்ப்பசை மாதிரி தண்ணீரில் மிதக்கும், சோப்பு இல்லாமல் கரையாது) துளைகளில் ஊற்றி, மிச்ச அரிசியையும் உள்ளேயே தள்ளி மூடினேன். மேலே தென்னமட்டை இரண்டு அடுக்கு. நாலு நாளுக்கு ஒருமுறை பூவாளியால் தண்ணீர். அறுபது நாளைக்குச் சாம்பலும் சுண்ணாம்பும் குழிக்குள் கொட்டக் கூடாது என்று வீட்டில் சொல்லிவைத்தேன்.

பங்குனியில் அதே மாதிரி ஐந்து கூடை. உயிரோடு 6. விறைத்தவை 9. மண்புழு பழையபடி நிறைய இருந்தது. அதைப் பார்த்ததில் வந்த நிம்மதி தனி.

தூர்களில் இது எடுபடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 40 தூரில் பத்தை எடுத்துத் துளை போட்டு ஊற்றிப் பார்த்தேன். உள்ளே சக்கை காய்ந்து தண்ணீர் நிற்கவே இல்லை. கடைசியில் மாசியில் ஜேசிபி வைத்து, மணிக்கு 1,200 ரூபாய் வீதம் ஆறு மணி நேரம், தூர்களைப் பெயர்த்துப் பிளந்து காயவைத்து எரித்தோம். கூடவே பிள்ளைகளின் உள்குருத்து மூன்று மட்டை இடுக்கில் வேப்பம்புண்ணாக்கும் மணலும் கலந்து வைத்தோம், துளைக்குள் இருந்த வண்டுகளைக் கம்பிக் கொக்கியால் குத்தி எடுத்தோம். 2022 ஆவணியில் 140 பிள்ளையில் 31-இல் வண்டின் புதுவெட்டு. 2023 ஆவணியில் இருக்கிற 136-இல் 12. இந்தக் குறைவு முழுக்கப் பூஞ்சையின் வேலை என்று நான் சொல்ல மாட்டேன். தூரை எடுத்ததற்குப் பெரிய பங்கு இருக்கும். பூஞ்சைக்கு என் கையில் இருக்கிற சாட்சி வாளியும் குழியும்தான்.

செலவு: நொய் அப்போது கிலோ 28 ரூபாய். கவர், பஞ்சு, ஸ்பிரிட், எரிவாயு எல்லாம் சேர்த்து ஒரு கவருக்கு 15 ரூபாய் ஆயிற்று. ஒரு குழிக்கு 200 ரூபாய்க்குள். வீணான கவர்களையும் கற்றுக்கொண்ட காலத்தையும் சேர்த்தால் முதல் வருடம் 1,400 வரை போயிற்று. ஜேசிபிக் கூலி 7,200 தனி.

அடுத்தமுறை மாற்ற வேண்டியது முதலில் தாய்வித்து. அரிசியிலிருந்து அரிசிக்கு மாற்றிக்கொண்டே போனால் பூஞ்சை அரிசிக்குப் பழகிப் புழுவைக் கொல்லும் வேகத்தை இழக்கும். மூன்று தலைமுறைக்கு மேல் போகாமல், குழியில் விறைத்த புழுவை ஆய்வகத்தில் கொடுத்து அதிலிருந்தே புதுவித்து எடுக்கப் போகிறேன். புழுவுக்குள் புகுந்து வந்த வித்துக்கு வீரியம் திரும்பும். டிரைக்கோடெர்மா வேலை இனி வீட்டின் மறுபக்கம், வேறு வாளி, வேறு சட்டை. சித்திரை, வைகாசியில் கவர் போடுவதே இல்லை. இந்த வைகாசியில் அறை 35-ஐத் தொட்டபோது ஐந்து கவரும் வெள்ளையாகவே நின்றுவிட்டன. பட்டுப்புழு வளர்ப்பவர்கள் பக்கத்தில் இருந்தால் இதைத் தொடங்குவதற்கு முன் கட்டாயம் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த வகைப் பூஞ்சைகளில் பட்டுப்புழுவைக் கொல்பவையும் உண்டு.

இன்னொன்று பக்கத்துக் குழிகள். வண்டுக்கு வேலி கிடையாது. இலங்கையிலிருந்து ரப்பர் நாற்றுகளோடு 1909-இல் சமோவாவுக்குப் போய்ச் சேர்ந்து அங்கிருந்து பசிபிக் தீவுகளில் பரவிய வண்டு இது. என் தோப்பைச் சுற்றி மட்டும் மூன்று எருக்குழிகள் இருக்கின்றன. கிழக்குத் தோப்பு மாமாவிடம் இந்த ஆடியிலேயே கேட்டேன். “எருவுல பூசணத்த வுட்டா மாட்டுக்கு ஆவாதுப்பா” என்று மறுத்துவிட்டார். பயம் நியாயம்தான். நான் வாதாடவில்லை. புரட்டாசி முதல் வாரம் என் குழியில் விறைத்த புழுக்கள் நாலை ஒரு தேங்காய்ச் சிரட்டையில் வைத்துக் கொண்டுபோய், அவர் திண்ணையில் வைத்து உடைத்துக் காட்டினேன். நாறுதா மாமா, பாருங்க என்றேன். முகர்ந்து பார்க்கப் போனவரைத் தடுத்து முகக்கவசம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எத்தன கவர் வேணும் எங் குழிக்கு?”

அளந்து பார்த்தோம். 12 அடிக்கு 8 அடி, ஆழம் மூன்றரை. கிட்டத்தட்ட ஒன்பதரைக் கனமீட்டர். 24 கவர் வேண்டும். குளிர்பெட்டியில் ஆறுதான் இருக்கிறது. மழை தொடங்கி அறை குளிர்ந்ததும் ஐந்து ஈடு குக்கர் ஏற்ற வேண்டும். நொய் ஐந்து கிலோ நேற்றே வாங்கி வைத்துவிட்டேன்.